ஸமூரா உப்பு மலைக்குப் போய்ச் சேர்ந்தாளா?

கடலூர் முதுநகர்
10.02.2025

பிஸ்மில்லாஹ்.

மருமகள் நஜியாவுக்கு மாமி சர்புன்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. பக்கத்து வீட்டு மாலதி சிதம்பரத்தில் துணிக்கடைக்கு வேலைக்கு வருகிறாளே, அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். ரயிலை விட்டு இறங்கியதும் உன் உம்மா வீட்டில் தந்துவிட்டுப் போவாள்.

ஏன் போன் பண்ணவில்லை என்று நினைப்பாய். ஷார்ஜாவிலிருந்து சேதி அந்தப் போனில்தான் வந்தது. என் மகன் ஹாமித் தூக்கத்திலேயே மவுத்தாகிவிட்டான் என்று அவனோடு அறையில் இருந்த பிள்ளை சொன்னான். கேட்ட கையோடு அதை அணைத்து அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டேன். உன் மாமா எடுக்கச் சொல்கிறார். எனக்கு அந்தப் பக்கம் கை போக மாட்டேன் என்கிறது. அரிசி அளக்கக்கூட அவரைத்தான் கூப்பிடுகிறேன்.

நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டாமல் நீ இத்தா இருக்க உன் உம்மா வீட்டிலேயே தங்கிவிட்டாய். புருஷன் வீட்டில் இருக்க வேண்டியவள். அதைப் பற்றி இப்போது எழுதப் போவதில்லை.

மாலதி ஒன்று சொன்னாள். ஹாமித் பேருக்கு ஒரு புத்தகம் பார்சலில் உன் வீட்டுக்கு வந்திருக்கிறதாம். அது அந்த ஜின்கள் சண்டை போடும் கதையின் மூன்றாம் பாகமாக இருக்க வேண்டும். முதல் இரண்டு பாகத்தையும் அவன்தான் எனக்குச் சொன்னான். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. இங்கே சாயங்காலம் அஸர் தொழுது முடிக்கும்போது போன் வரும். "உம்மா, இன்னிக்குப் பெரிய சண்டை இருக்கு, காத தீட்டி வச்சுக்க" என்பான். நான் சமோசா மாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

எனக்கு ஒன்று தெரிந்தால் போதும். ஸமூரா உப்பு மலைக்குப் போய்ச் சேர்ந்தாளா? புத்தகத்தை மாலதியிடம் கொடுத்தனுப்பு. மெதுவாக எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்வேன்.

சர்புன்னிசா


சிதம்பரம்
16.02.2025

மாமிக்கு, வஅலைக்கும் ஸலாம்.

புத்தகம் வந்திருப்பது உண்மைதான். உறையை நான் பிரிக்கவில்லை. பிரிக்கப்போவதும் இல்லை. மேலே மச்சானின் பேர் அச்சடித்து ஒட்டியிருக்கிறது. டிசம்பரில் அவர் ஆர்டர் போட்டது. "மே மாசம் லீவுல வர்றேன், நான் வந்து பிரிப்பேன், நீ தொடக்கூடாது" என்றார். தொடாமல் வைத்திருக்கிறேன். அது பிரியாமல் இருக்கிற வரைக்கும் அவர் சொன்ன ஒரு சொல்லாவது முடியாமல் இருக்கட்டும்.

இத்தாவைப் பற்றி எழுதப் போவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதிவிட்டீர்கள். சேதி வந்தபோது நான் இங்கேதான் இருந்தேன். நீங்களும் மாமாவும் வந்தீர்கள், அழுதீர்கள், போனீர்கள். "எங்க வீட்டுக்கு வா" என்று ஒரு வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரவில்லை. வரும் வரும் என்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கதையை அவர் எனக்கு மட்டும்தான் படித்துக் காட்டுகிறார் என்று நினைத்திருந்தேன். இருட்டியதும், மஃரிபுக்குப் பிறகு கூப்பிடுவார். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி படிப்பார். அதற்கு முன்னாலேயே உங்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் வந்தாரா? என்னிடம் அவர் சொல்லவே இல்லை. எனக்குக் கோபமா, சிரிப்பா என்று தெரியவில்லை.

மாமி, ஸமூராவைப் பற்றி மச்சான் உங்களிடம் என்ன சொன்னார்? இரண்டாம் பாகத்தின் முடிவை, அவர் சொன்ன மாதிரியே எனக்கு எழுதுவீர்களா?

நஜியா


கடலூர் முதுநகர்
27.02.2025

நஜியாவுக்கு ஸலாம்.

நான் கூப்பிடாதது உண்மை. நீயாக வருவாய் என்று நினைத்தேன். மருமகளை வீட்டுக்கு வா என்று சொல்லவும் வேண்டுமா என்று இருந்துவிட்டேன். சரி, விடு.

நீ கேட்டதை எழுதுகிறேன். இரண்டு கூட்டம். ஒன்று காற்றுக் கூட்டம், அதற்கு ராணி ஸமூரா. இன்னொன்று மணல் கூட்டம், அதற்கு ராஜா கஸ்வான். ஸமூராவின் மகன் தாரிஷை உப்பு மலைக்குள் வைத்து கஸ்வான் முத்திரை போட்டுவிட்டான். மகனை மீட்க அவள் படையோடு வருகிறாள். மணல் கூட்டம் நிழல் விழாமல் நடந்து வருகிறது. காற்றுக் கூட்டம் வானத்தில் அடுக்கடுக்காக நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கிணறு. அதில் தண்ணீர் இல்லை, பகலிலேயே நட்சத்திரம் மிதக்கிறது. இதை ஹாமித் சொன்ன அன்று என் கை மயிரெல்லாம் நின்றுவிட்டது. அல்லாஹ் நம்மை மண்ணில் படைத்தான், அவர்களைப் புகையில்லாத நெருப்பில் படைத்தான் என்று சின்ன வயதில் ஓதியதுதான். வடித்த கஞ்சியைச் சூட்டோடு சாக்கடையில் ஊற்றும்போது பிஸ்மி சொல்லி ஊற்று, அங்கே அவர்கள் இருப்பார்கள் என்று என் உம்மா சொல்லும். இன்றைக்கும் சொல்லித்தான் ஊற்றுகிறேன். ஆனால் அவர்களுக்கும் மகன் உண்டு, அவர்களுக்கும் வயிறு பற்றி எரியும் என்று நான் நினைத்ததே இல்லை.

கடைசியில் கஸ்வான் வாளை ஓங்குகிறான். அங்கே ஹாமித் கொஞ்சம் நிறுத்தினான். நான், "சொல்லுடா, உசுரு போவுது" என்றேன். "அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா உம்மா? அவ சூறாவளியா சுருண்டு அவன் காலுக்கு நடுவுல பூந்து போயிட்டா. இப்ப உப்பு மலைக்குப் போயிக்கிட்டே இருக்கா. மூணாம் பாகத்துல சேந்துடுவா" என்றான்.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். துறைமுகத்துப் பக்கம் கருவாடு காயப்போடும் களத்தில் சில நாள் மத்தியானம் சுழல் காற்று எழும்பும். தூசியும் செதிலுமாகச் சுற்றிக்கொண்டு வரும். நான் ஒதுங்கி நின்று வழி விடுவேன். "எங்க, மந்திரி வர்றாரா?" என்று அங்கே உள்ள பெண்கள் கேலி பண்ணுவார்கள். ஒரு தாய் மகனைத் தேடிப் போகிறாள், குறுக்கே நிற்கக்கூடாது என்று எனக்கு. அவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

ஷார்ஜாவில் என் மகனை யார் குளிப்பாட்டினார்கள், எந்த மண்ணில் வைத்தார்கள், எனக்குத் தெரியாது. இங்கே பள்ளிவாசலில் காயிப் ஜனாஸா தொழுதார்கள். மையித்தை முன்னால் கிடத்தாமல் தொழுத தொழுகை ஸ்பீக்கரில் எனக்குக் கேட்டது. அவனிடம் என்னால் போக முடியவில்லை. அவளாவது போய்ச் சேர்ந்தாள் என்று தெரிந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும்.

உறையை நீ பிரிக்க வேண்டாம். அப்படியே கொடு. நான் பிரித்துக்கொள்கிறேன்.

சர்புன்னிசா


சிதம்பரம்
09.03.2025

மாமிக்கு ஸலாம். நோன்பு எப்படிப் போகிறது? மாமாவுக்குச் சர்க்கரை, ஸஹர் சாப்பிடாமல் நோன்பு வைக்க விடாதீர்கள்.

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். பதில் எழுதிக் கிழித்தேன். மறுபடி எழுதுகிறேன்.

மாமி, புத்தகத்தில் அப்படி இல்லை. கஸ்வான் வாளை ஓங்குகிறான். ஸமூரா நகரவில்லை. அவள் சிறகை வெட்டிவிடுகிறான். இரண்டாம் பாகத்தின் முடிவிலேயே அவள் மவுத்தாகிவிடுகிறாள். உப்பு மலைக்குள் இருக்கும் தாரிஷுக்கு அது தெரியாது. அதோடு புத்தகம் முடிகிறது. எனக்கு மச்சான் வரி மாறாமல் படித்தார். படிக்கும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. "நாளைக்குப் படிக்கிறேன்டீ" என்று வைத்துவிட்டார்.

உங்களுக்கு மட்டும் மாற்றிச் சொல்லியிருக்கிறார்.

இதை உங்களிடம் சொல்ல எனக்கு மனசில்லை. புத்தகத்தை நான் தராததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் வராத ஒருவரை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை மஃரிப் ஆனதும் இன்னும் நான் போனைக் கையில் எடுக்கிறேன். அந்த வேதனை உங்களுக்கு வேண்டாம்.

நஜியா


கடலூர் முதுநகர்
12.03.2025

நஜியா,

என் மகன் என்னிடம் பொய் சொன்னதில்லை. புத்தகம் தர இஷ்டம் இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிட்டுப் போ. இல்லாத மவுத்தை எழுதாதே. இந்த வீடு ஒரு மவுத்தையே இன்னும் தாங்கி முடிக்கவில்லை.

ச.


சிதம்பரம்
15.03.2025

மாமி, இரண்டாம் பாகத்தை மாலதி அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். கடைசியில் சிவப்பு நூல் வைத்த பக்கம். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நஜியா


கடலூர் முதுநகர்
08.04.2025

நஜியாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் வந்தது, போனது. நான் பழைய சேலையைத்தான் கட்டினேன். நீயும் அப்படித்தான் இருந்திருப்பாய்.

அந்தப் பக்கத்தைப் படித்தேன். ஒரே பக்கத்துக்கு மிச்ச நோன்பெல்லாம் ஆனது. தீக்குச்சியை வரிக்கு அடியில் வைத்துத் தள்ளித் தள்ளிப் படித்தேன். எழுத்து சேர்ந்து சொல்லாக ஆகும்போது முந்தின சொல் மறந்துவிடும். மறுபடி முதலிலிருந்து வருவேன். நீ சொன்னது உண்மை.

அவள் சாகும்போது உலகத்தில் உள்ள காற்றெல்லாம் ஒரு மூச்சு நேரம் நின்றுவிட்டதாம். நடுக்கடலில் பாய்மரம் துவண்டு தொங்கியதாம். தொட்டில் பக்கத்தில் விசிறிக்கொண்டிருந்த தாய்மார் கையில் விசிறி அசையவில்லையாம். பிறகு அவள் சாம்பல் ஏழு கடலுக்கும் பறந்ததாம். நஜியா, அதைப் படித்துவிட்டு நான் பாயிலேயே உட்கார்ந்திருந்தேன். ஹாமித் போன அன்று இங்கே ஒன்றும் நிற்கவில்லை. பால்காரர் வந்தார். மேலே ஃபேன் ஓடியது. தெருவில் யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள். இப்படியா ஓடும் உலகம் என்று எனக்கு எல்லோர் மேலும் ஆத்திரம். நின்றிருக்க வேண்டும் என்று நான் நினைத்ததை, என்னைத் தெரியாத யாரோ ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். எவ்வளவு பெரிய விஷயம் அது. புத்தகத்தை மூடி நெஞ்சில் வைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு காரியம் பண்ணினேன். திட்டாதே. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பள்ளியில் யாசீன் ஓதி, மவுத்தானவர்கள் பேர் சொல்லி துஆ கேட்பார்கள். சமோசாத் தட்டோடு உன் மாமாவிடம் பேர் எழுதிய துண்டுச்சீட்டைக் கொடுத்தனுப்பினேன். அதில் ஹாமித் பேருக்குக் கீழே அவள் பேரையும் எழுதினேன். ஏழு கடலுக்குப் பறந்தவளுக்குக் கபுர் குழியும் இல்லை, ஓத ஆளும் இல்லை. என் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று தோன்றியது. அப்துல்லா ஹஜ்ரத் ஸ்பீக்கரில் படித்தார், "மர்ஹூம் ஹாமித், மர்ஹூமா ஸமூரா" என்று.

உன் மாமாவுக்கு ஒன்றும் தெரியாது. வெளியே வந்ததும் நாலு பேர் பிடித்துக்கொண்டார்களாம்.

"ஹபிபுல்லா பாய், யாரு அது ஸமூரா? எந்தத் தெரு?"

மாமா முழித்துவிட்டு, "அது… பையன் வழியில சொந்தம்" என்றாராம்.

"பையன் வழின்னா சிதம்பரமா?"

"அதுக்கும் தள்ளி."

ஹஜ்ரத் வீட்டுக்கே வந்துவிட்டார். அவரிடம் மறைக்க முடியாது. திரைக்குப் பின்னால் நின்று எல்லாம் சொன்னேன். கேட்டு முடித்தார். பிறகு மெதுவாக, "ஏம்மா, அது ஈமான் கொண்ட ஜின்னா?" என்று கேட்டார்.

"புத்தகத்துல பிஸ்மி சொல்லித்தான் பறக்குறா ஹஜ்ரத்."

அவர் சிரித்த சத்தம் கேட்டது. உன் மாமா சொன்னார், சிரித்துவிட்டுத் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். போகும்போது, "கதையில உள்ளவளுக்கு நம்ம துஆ எப்படிம்மா போய்ச் சேரும்? இனிமே இப்படிச் செய்யாதீங்க. ஆனா கேட்ட துஆ வீணாப் போவாது. ஹாமிதுக்குச் சேரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஹாமித் ஏன் மாற்றினான் என்று இப்போது எனக்குப் புரிகிறது. உம்மா சாகிற கதையை அவனால் உம்மாவிடம் சொல்ல முடியவில்லை. அவன் மட்டும் போய்விட்டான்.

இப்போது என் கவலை ஸமூரா இல்லை. உப்பு மலைக்குள் இருக்கிற அந்தப் பிள்ளை. உம்மா வருவாள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பான். யாராவது அவனிடம் சொல்ல வேண்டாமா? நீ உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தால் அவன் உள்ளேயே இருப்பான். நஜியா, எனக்காக வேண்டாம், அவனுக்காகப் பிரி.

உன் மாமி


சிதம்பரம்
04.05.2025

மாமிக்கு ஸலாம்.

பிரித்துவிட்டேன். பிளேடால் ஓரத்தை மட்டும் கீறினேன். மச்சான் பேர் கிழியவில்லை. அந்த உறையை மடித்து என் ஓதுற கிதாபுக்குள் வைத்திருக்கிறேன்.

"பையன் வழியில சொந்தம்" என்பதைப் படித்துவிட்டு எத்தனையோ நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். உம்மா பயந்து ஓடிவந்தது.

இத்தா அறையில் எனக்கு ஒரு ஜன்னல்தான். அதற்குத் திரை போட்டிருக்கிறது. அந்த வெளிச்சத்தில் வைத்துப் படிக்கிறேன். மாமி, இது எவ்வளவு பெரிய புத்தகம் தெரியுமா! முதல் பக்கத்திலேயே மழை. அந்த உலகத்தில் மழை பெய்ததே இல்லையாம். முதல் துளி உப்பு மலையின் உச்சியில் விழுகிறது. ஆயிரம் வருஷத்து மலை சர்க்கரைக் கட்டி மாதிரி கரைகிறது. கரையக் கரைய உள்ளே ஒரு வெளிச்சம். இரண்டு படைகளும் சண்டையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கின்றன. கஸ்வானின் கையிலிருந்து அந்த வாளே நழுவிவிடுகிறது. படித்துக்கொண்டே நான் எழுந்து நின்றுவிட்டேன்.

தாரிஷ் வெளியே வருகிறான். வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "என் தாய் எங்கே?" யாருக்கும் சொல்லத் துணிவில்லை. வடகாற்று தென்காற்றைப் பார்க்கிறது. பகைவர்கள்கூடத் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அவன் ஒவ்வொரு காற்றாகப் பிடித்துக் கேட்டுக்கொண்டே போகிறான்.

அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா மாமி? ஏழாவது கடலில் அவன் நிற்கும்போது அவள் குரல் கேட்கிறது. அவள் சாகவில்லை. சாம்பலெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அவன் முன்னால் நிற்கிறாள். அவன் தலையைத் தடவுகிறாள்.

கடைசி அத்தியாயம் ஒன்றுதான் பாக்கி. அதை நான் படிக்கவில்லை. அதைத் தனியாகப் படிக்க எனக்குத் தெம்பு இல்லை.

நஜியா


கடலூர் முதுநகர்
28.05.2025

என் மகள் நஜியாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ இரண்டாம் பாகத்தை அனுப்பினாயே, ஒரு பக்கத்தோடு நான் நிறுத்தவில்லை. முதலிலிருந்து தீக்குச்சியைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். பாதிக்கு மேல் வந்துவிட்டேன். ஹாமித் சொன்னது ஒவ்வொன்றும் என் காதில் இருக்கிறது. புத்தகத்தையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவன் எங்கெல்லாம் "அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா உம்மா" என்று கேட்டானோ, அந்த இடம் ஒன்றுகூடப் புத்தகத்தில் இல்லை. ஊமைக் குழந்தை பேசியது இல்லை. கால் வெட்டுப்பட்ட கிழட்டு ஜின் எழுந்து ஓடியது இல்லை. எங்கெல்லாம் எனக்கு வலிக்குமோ அங்கெல்லாம் அப்படிக் கேட்டுவிட்டு, தன் கையிலிருந்து போட்டுச் சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு இடம் கண்டுபிடிக்கும்போதும் அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

ஏழாவது கடல் வந்ததும் நீயும் அப்படியே கேட்டு எழுதியிருக்கிறாய்.

தெரிந்து எழுதினாயோ, தெரியாமல் வந்ததோ. படித்ததும் சிரித்துவிட்டேன், பிறகு அழுதேன். அவன் பெண்டாட்டிதான் நீ, சந்தேகமே இல்லை. இதற்காக உன்னை நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அவள் திரும்பி வரவில்லை என்று எனக்குத் தெரியும். காற்றெல்லாம் நின்ற பக்கத்தை நான் படித்தவள் அல்லவா?

மாலதி, "அக்கா, கடைசியில என்னன்னு நெட்டுல போட்டிருப்பான், பாத்துச் சொல்லட்டா?" என்றாள். "வாய மூடுடி, அதுக்கு ஆள் இருக்கு" என்றேன்.

கத்திரி வெயிலில் நேற்று களத்தில் பெரிய சுழல் காற்று. இவ்வளவு பெரிதாக நான் பார்த்ததில்லை. தென்னை உயரம் இருக்கும். கருவாட்டுத் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டது. பெண்களெல்லாம் கத்திக்கொண்டு ஓடினார்கள். நான் வழக்கம்போல ஒதுங்கி நின்றேன். அது ஸமூரா இல்லை, அவளுக்கு இனிமேல் போக வேண்டிய இடம் எதுவும் இல்லை. ஆனாலும் அதற்கு நடுவில் யாரோ இருந்தார்கள், நஜியா. கண்ணுக்குத் தெரியாததால் இல்லை என்று ஆகிவிடாது. அது கடலுக்குள் இறங்கிப் போகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். பயமே வரவில்லை.

வீட்டுக்கு வந்து அரிசி டிரம்மைத் திறந்து நானே போனை எடுத்தேன். உன் மாமா சார்ஜ் போட்டார். தவிட்டுத் தூசியோடு வெளிச்சம் வந்தது.

பக்ரீதுக்கு முன்னால் உன் இத்தா முடிகிறது. முடிந்த மறுநாள் நானும் மாமாவும் அங்கே வருவோம். போன தடவை சொல்லாததைக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் நின்று சொல்வேன்: நஜியா, நம்ம வீட்டுக்கு வா. தங்குவதும் திரும்புவதும் உன் இஷ்டம். உன் அலமாரிச் சாவி உன்னிடம்தான் இருக்கிறது. நான் பூட்டில் கை வைக்கவில்லை.

வரும்போது மூன்றாம் பாகத்தை எடுத்துக்கொள். வெள்ளிக்கிழமை அஸர் தொழுதுவிட்டு நான் சமோசா மாவை மூடி வைத்துவிட்டு உன் எதிரில் உட்காருவேன். நீ கடைசி அத்தியாயத்தைப் படி. அந்தப் பிள்ளையிடம் யார் சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள், கேட்டுவிட்டு அவன் என்ன செய்தான், எனக்குத் தெரிய வேண்டும்.

ஒரு வார்த்தையும் மாற்றாமல் படி, மகளே. நான் கேட்டுக்கொள்வேன்.

உன் மாமி
சர்புன்னிசா